கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் போடலாம், வாங்க!

உடம்புக்கு நல்லது, மனசுக்கு ரொம்ப நல்லது. ஆனால் படகில் கால் வைக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள்!

கோடை லீவு வந்தாச்சு என்றால் நம் வீடுகளில் கிளம்பும் முதல் கேள்வி, "ஊட்டியா, கொடைக்கானலா?" என்பதுதான். எங்கே போனாலும் திரும்பி வரும்போது ஒரு போட்டோ கட்டாயம் இருக்கும். நடுவில் ஏரி. படகில் அப்பா குரங்குக் குல்லாவோடு, அம்மா ஸ்வெட்டரும் சால்வையுமாக, பிள்ளைகள் கையில் சோளக்கதிரோடு... படகுக்காரர் மூச்சு வாங்கத் துடுப்புப் போட, நாம் எல்லோரும் ஜாலியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இந்தத் தடவை ஒரு சின்ன மாற்றம் செய்யுங்களேன். அந்தத் துடுப்பை ஒரு கால் மணி நேரம் நீங்கள் கையில் வாங்கிப் பாருங்கள்!

"ஐயோ, நமக்கு எதுக்குங்க அந்த வேலை? காசு கொடுத்துட்டு கை வலியையும் வாங்கிட்டு வரணுமா?" என்றுதானே கேட்கிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள். ஜிம்முக்குப் போய் மாதாமாதம் பணம் கட்டி ஒரு மெஷினில் உட்கார்ந்து இழுக்கிறார்களே, அந்த மெஷினின் பெயரே 'ரோயிங் மெஷின்'. துடுப்புப் போடுவதை அப்படியே காப்பியடித்துச் செய்ததுதான் அது. அசலே கண்முன் இருக்கும்போது நகல் எதற்கு?

ஏரி பிறந்த கதை

கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை! மனிதர் வெட்டி, கரை கட்டி உண்டாக்கியது. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் என்ற ஆங்கிலேயர் பழனி மலையின் ஓடைகளை மறித்துக் கரை போட்டு இந்த ஏரியை அமைத்தார். மீன்குஞ்சுகளை விட்டதும், தூத்துக்குடியிலிருந்து முதல் படகை மலைமேல் கொண்டுவந்ததும் அவர்தான். ரோடு வசதி இல்லாத அந்தக் காலத்தில் கடலோரத்திலிருந்து ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஒரு படகைக் கொண்டுபோவது என்றால் சும்மாவா?

1890-ல் இங்கே போட் கிளப் தொடங்கியது. முதலில் அது வெள்ளைக்காரர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்குமான இடம். 1932-ல்தான் பொதுமக்களும் சுற்றுலாப் பயணிகளும் படகில் போகலாம் என்று கதவு திறந்தது.

சுமார் 60 ஏக்கர் பரப்பில், நட்சத்திர மீன் மாதிரி கை கால்களை நீட்டிப் படுத்திருக்கிறது இந்த ஏரி. சுற்றிலும் ஐந்து கிலோமீட்டர் நடைபாதை. மலையேறும் வழியில் எல்லோரும் நின்று பார்க்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி இருக்கிறதே, அது இந்த ஏரியிலிருந்து வழிந்தோடி வரும் தண்ணீர்தான்.

பார்க்க அமைதியாக இருக்கிறதே என்று இதைக் குட்டை மாதிரி நினைத்துவிடாதீர்கள். சராசரி ஆழமே சுமார் 10 அடி. ஆறடி ஆள் நின்றாலும் தலை வெளியே தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

உடம்பில் என்ன நடக்கிறது?

துடுப்புப் போடுவது கைக்கு மட்டும்தான் வேலை என்று நினைப்பது தவறு. படகின் குறுக்குச் சட்டத்தில் பாதத்தை ஊன்றி, இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, பின்னால் சாய்ந்து இழுக்கிறீர்கள். இதில் தொடை, இடுப்பு, வயிறு, முதுகு, தோள், முன்கை என்று ஏறக்குறைய எல்லாத் தசைகளும் ஒரு கை பார்த்துவிடுகின்றன. நடக்கும்போது கால்தான் உழைக்கிறது. சைக்கிளிலும் அப்படியே. மேலும் கீழும் சேர்ந்து உழைக்கும் பயிற்சிகள் குறைவு. நீச்சலுக்கு அடுத்து அந்தப் பெருமை துடுப்புக்கு உண்டு.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. மூட்டு வலிக்காரர்களுக்கு ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் ஆகாது. உடம்பின் எடை முழுவதும் முழங்காலில் வந்து இடிக்கும். படகில் உட்கார்ந்தே வேலை செய்வதால் முழங்காலுக்கு அந்த இடி கிடையாது.

சரி, எவ்வளவு கலோரி செலவாகும்? சுமாரான வேகத்தில் துடுப்புப் போட்டால், உங்கள் எடையை ஐந்தால் பெருக்குங்கள்; ஒரு மணி நேரத்துக்கு ஆகும் கலோரி அதுதான். 60 கிலோ எடை உள்ளவருக்கு 300 கலோரி. அரை மணி நேரத்துக்கு 150. அதே அரை மணி நேரம் சாதாரணமாக நடந்தால் சுமார் 100 கலோரிதான்.

அதற்காக, "துடுப்புப் போட்டாச்சு, இனி என்ன வேணும்னாலும் சாப்பிடலாம்" என்று ஏரிக்கரைக் கடைகளில் இறங்கிவிடாதீர்கள். கொடைக்கானல் போனால் யாரும் விடாத அந்த ஹோம்மேட் சாக்லேட் 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதைக் கரைக்க நீங்கள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் துடுப்புப் போட வேண்டும்!

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், கூடவே இரண்டு நாளாவது தசைகளுக்கு வலு தரும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. துடுப்பில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடுகிறது.

மனசுக்கு? ஒரே தாளத்தில் இழுத்து, விட்டு, இழுத்து, விட்டுப் போகும்போது மூச்சும் அதே தாளத்துக்கு வந்துவிடும். நாள் முழுக்க செல்போனையும் டி.வி.யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே களைத்துப்போன கண்ணுக்குத் தூரத்துப் பச்சையைப் பார்ப்பதே ஓய்வுதான். வீட்டில் பேசாத பிள்ளைகூட படகில் பேசும். வேறு வழி? எழுந்து போக முடியாதே!

துடுப்பா, பெடலா?

பெரும்பாலான குடும்பங்கள் பெடல் படகைத்தான் கேட்கின்றன. சைக்கிள் மாதிரி மிதித்தால் போதும். இதில் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நல்ல வேலை. கைக்கு வேலையே இல்லை. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நீண்ட நேரம் மிதித்தால் வலிக்கும். சீட்டில் இருந்து பெடல் தூரமாக இருந்தால் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்கள் பிள்ளைகளை மிதிக்கவிட்டுத் திசை திருப்பும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது உத்தமம்.

துடுப்புப் படகில் முதல் தடவை ஏறுகிறவர்கள் தனியாகப் போகவே வேண்டாம். படகுக்காரரோடு ஏறி, "அண்ணே, கொஞ்ச நேரம் நான் போடட்டுமா?" என்று கேளுங்கள். அவரைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார். ஆனால் நடு ஏரியில் இடம் மாறி உட்காராதீர்கள். கரையிலேயே முடிவு செய்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இப்படித்தான் போடணும்!

* துடுப்புப் படகில் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் பத்து இழுப்புக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

* முதுகைக் கூன் போடாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பிலிருந்து சாயுங்கள். நடு முதுகை வளைத்து இழுத்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது.

* முதலில் காலை ஊன்றி உடம்பைச் சாய்க்க வேண்டும். கடைசியில்தான் கையை மடக்க வேண்டும். கையால் மட்டும் இழுப்பவர்கள் ஐந்தாவது நிமிடத்திலேயே களைத்துப்போவார்கள்.

* இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். துடுப்பை முன்னே கொண்டுபோகும்போது உள்ளே இழுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கி இழுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பி.பி. உள்ளவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

* துடுப்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் போதும். இறுக்கினால் உள்ளங்கையில் கொப்புளம்தான் மிச்சம்.

* வலக்கைத் துடுப்பை மட்டும் இழுத்தால் படகின் முனை இடக்கைப் பக்கம் திரும்பும். இடக்கையை இழுத்தால் வலப்பக்கம். இந்த ஒரு சூத்திரம் போதும்.

* காற்று வரும் திசையை எதிர்த்து முதலில் போங்கள். திரும்பும்போது நீங்கள் களைத்திருப்பீர்கள்; அப்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். மாற்றிச் செய்தவர்கள்தான் நடு ஏரியில் திண்டாடுவார்கள்.

ஏறும் முன் கரையில் ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள். தோளை முன்னும் பின்னும் சுழற்றுங்கள். குளிரில் விறைத்துப்போன தசையை எடுத்த எடுப்பில் இழுத்தால் பிடித்துக்கொள்ளும்.

ஏழாயிரம் அடி உயரம்... மறக்காதீங்க!

சென்னையிலோ மதுரையிலோ செய்யும் அதே வேலை இங்கே கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்கும். ஏன் தெரியுமா? உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கொடைக்கானல் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஆரோக்கியமான உடம்பு இதைச் சமாளித்துவிடும். எட்டாயிரம் அடிக்கு மேலே போனால்தான் மலை நோய் என்பதெல்லாம் பெரும்பாலும் தலைகாட்டும். என்றாலும், பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு படகில் ஏறாதீர்கள். முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் காலையில் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரத்தில் காற்றும் குறைவு, கூட்டமும் குறைவு. மதியத்துக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் மூடுபனி இறங்கிவிடும். இடிச் சத்தம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், நேராகக் கரைக்கு!

"குளிராத்தானே இருக்கு, வெயில் எங்கே?" என்று நினைத்துத் தொப்பி இல்லாமல் போகிறவர்கள், மறுநாள் மூக்கும் கன்னமும் கறுத்துத் தோல் உரிந்து நிற்பார்கள். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. கணக்குப் போட்டால் இங்கே சமவெளியைவிட 20 சதவீதம் அதிகம். மெல்லிய மேகம் அதைத் தடுக்காது. தொப்பி, முழுக்கைச் சட்டை, சன் ஸ்கிரீன் மூன்றும் அவசியம்.

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். ஏறும் முன் ஒரு டம்ளர், இறங்கியதும் ஒரு டம்ளர் குடியுங்கள். ஏரித் தண்ணீரை மட்டும் வாயில் படவிடாதீர்கள். ஊர்க் கழிவு கலக்கிற தண்ணீர் ஒருபுறம். 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய பாதரசம் இந்த ஏரியிலும் அதன் மீன்களிலும் இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் வெளியிட்டது மறுபுறம். அதனால் ஏரி மீனைப் பிடித்துச் சுட்டுச் சாப்பிடும் ஆசையும் வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வராமலிருக்க மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த மாத்திரைகளில் பல, தூக்கத்தைத் தருபவை. அதன் மயக்கம் தெளியாமல் துடுப்பைத் தொடக் கூடாது.

எனக்கு இது இருக்கு... நான் போகலாமா?

"எனக்கு பி.பி. இருக்குங்க. மாத்திரை சாப்பிடறேன்."

பிரஷர் கட்டுப்பாட்டில் இருந்தால் மெதுவாகப் போடலாம். மூச்சை அடக்கக் கூடாது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கிப் பிரஷர் கொஞ்சம் ஏறும் என்பதால் காது, கழுத்து, கை மூன்றையும் மூடிக்கொள்ளுங்கள். டூர் வந்த இடத்தில் மாத்திரையை மறப்பதுதான் பெரிய ஆபத்து.

"என் வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆகி ரெண்டு மாசம்தான் ஆச்சு."

துடுப்புப் பக்கமே போக வேண்டாம். ஆபரேஷனுக்காகப் பிளந்த நெஞ்செலும்பு சரியாக ஒட்டிச் சேர மூன்று மாதம் வரை ஆகலாம். அதற்குள் கையால் இழுக்கிற, தள்ளுகிற எந்த வேலையும் கூடாது. அதற்குப் பிறகும், மலைக்குக் கிளம்பும் முன்பே இதய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சு வலிக்கிறவர்களும் அப்படியே.

"சர்க்கரை இருக்கு. இன்சுலின் போடறேன்."

வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். வழக்கமில்லாத உழைப்பால் நடு ஏரியில் சர்க்கரை இறங்கிப் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல் வரலாம். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ, நாலு மிட்டாயோ கட்டாயம் இருக்கட்டும். கூட வருபவரிடமும் சொல்லி வையுங்கள்.

"பையனுக்கு வீசிங் வரும்."

குளிர் காற்று வீசிங்கைத் தூண்டும். வாயையும் மூக்கையும் மஃப்ளரால் மூடுங்கள். இன்ஹேலரை ஓட்டல் ரூமில் வைக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையோடு எடுத்து வாருங்கள்.

"வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடறேன்."

தனியாகப் படகு வேண்டவே வேண்டாம். உங்கள் டாக்டர் சரி என்று சொன்னால், லைஃப் ஜாக்கெட்டோடு, விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க, பயணியாகப் போகலாம்.

"நான் ஆறு மாச கர்ப்பிணி."

துடுப்பும் வேண்டாம், பெடலும் வேண்டாம். வயிறு பெரிதாகும்போது உடம்பின் பேலன்ஸ் மாறும். ஆடுகிற படகில் ஏறி இறங்குவதே கஷ்டம். டாக்டர் அனுமதித்தால் ஏரியைச் சுற்றி மெதுவாக நடந்து வாருங்கள், அதுவே சுகம்.

"டிஸ்க் பிராப்ளம்... தோள்பட்டை வேற தூக்க முடியலை."

வலி இருக்கும்போது கூடவே கூடாது. துடுப்பு முதுகுக்கு வலு தருவது உண்மைதான்; ஆனால் அது வலி போன பிறகு.

உயிரைக் காக்கும் அந்தச் சட்டை

இதுவரை படித்ததில் எதை மறந்தாலும் பரவாயில்லை. இனி வருவதை மறக்காதீர்கள்.

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரி. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற 'ஜலகன்யகா' என்ற படகு கவிழ்ந்தது. கரையில் தெரிந்த மிருகங்களைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர, படகு சாய்ந்துவிட்டது. 45 பேர் இறந்தார்கள். நம் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு.

2024 ஜனவரி 18. குஜராத் மாநிலம் வதோதராவின் ஹர்ணி ஏரி. பள்ளிக்கூடப் பிக்னிக். படகு கவிழ்ந்து 12 பிள்ளைகளும் 2 டீச்சர்களும் போய்விட்டார்கள். பலருக்கு லைஃப் ஜாக்கெட்டே கொடுக்கப்படவில்லை.

இரண்டும் கடல் இல்லை. சுழல் ஓடும் ஆறும் இல்லை. குடும்பத்தோடு போய் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஏரிகள்! உலகம் முழுவதும் 2021-ல் மட்டும் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால் லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறவே ஏறாதீர்கள். "அழுக்கா இருக்கு", "போட்டோல நல்லா இருக்காது", "பத்து நிமிஷம்தானே" என்ற சாக்கெல்லாம் வேண்டாம். கொடுக்காவிட்டால் கேளுங்கள். கேட்டும் கொடுக்காவிட்டால் இறங்கிவிடுங்கள். காசு போனால் போகட்டும்.

மாட்டினால் மட்டும் போதாது. சரியாக மாட்ட வேண்டும். எல்லாக் கொக்கியையும் போட்டுப் பட்டையை இறுக்குங்கள். பிறகு இன்னொருவரைத் தோள்பக்கம் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறி வந்தால் அது லூஸ். தண்ணீரில் விழுந்ததும் அது கழன்று மேலே மிதக்கும். நீங்கள் கீழே போவீர்கள். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டைப் போட்டால் இதுதான் நடக்கும். குழந்தைகள் சைஸ் கேட்டு வாங்குங்கள்.

"எனக்கு நீச்சல் தெரியும் சார்!" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலை ஏரியின் குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தானாகவே 'ஹா' என்று ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் மூச்சுக்குழாயில் போவது காற்று அல்ல, தண்ணீர். நீச்சல் தெரிந்தவரும் முதல் நிமிடத்திலேயே மூழ்குவது இதனால்தான். ஸ்வெட்டர், ஷூ, சேலை எல்லாம் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். இன்னொன்று: ஏரிக்கரைக்கு வரும் முன் 'கொஞ்சமா' மது அருந்துவதும் வேண்டாம். அது குளிருக்கு இதம் என்பது பொய். தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியே விரட்டுவதுதான் அதன் வேலை.

தண்ணீரில் விழுந்துவிட்டால்...

* முதல் ஒரு நிமிடம் நீந்த முயலாதீர்கள். மல்லாந்து, முகத்தை வானத்தைப் பார்த்து வைத்து, மூச்சு சீராகும் வரை மிதங்கள். ஜாக்கெட் உங்களைத் தாங்கும்.

* கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதக்கும். அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கரை பக்கம்தான் என்று தோன்றும், கிளம்பாதீர்கள். ஒரு தலையைவிட ஒரு படகு தேடி வருபவர் கண்ணில் எளிதாகப் படும்.

* தண்ணீர், காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். முழங்காலை மார்போடு மடக்கிக் கைகளைக் கட்டிக்கொண்டு உருண்டையாக இருங்கள். பலர் இருந்தால் ஒருவரையொருவர் அணைத்து, குழந்தைகளை நடுவில் வையுங்கள்.

சேலை காத்த உயிர்கள்

மூழ்குகிறவரைப் பார்த்ததும் குதித்துவிடுவது நம் பழக்கம். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் போன செய்திகளை எத்தனை தடவை படித்திருக்கிறோம்! மூழ்குகிறவர் கையில் கிடைத்ததை உடும்புப் பிடியாகப் பிடித்து அமுக்குவார். அது அவர் குற்றமில்லை, உயிர்ப் பயம்.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் உயிரோடு கரையேறினார்கள். அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்துக் கௌரவித்தது.

பாடம் இதுதான். முதலில் சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள். கரையில் படுத்துக்கொண்டு துடுப்பையோ கம்பையோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் கயிறு, துப்பட்டா, சேலை எதையாவது வீசுங்கள். மிதக்கிற காலி கேன்கூட உதவும்.

கரைக்கு வந்த பிறகு

வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது... சினிமாவில் பார்த்த இது எதையும் செய்யாதீர்கள். வயிற்றிலிருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். பொன்னான நிமிடங்களும் வீணாகும்.

ஒருவர் உடனே 108-க்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் மூச்சு இருக்கிறதா என்று பார்க்கட்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈர உடையை மாற்றிக் கம்பளி போர்த்துங்கள். மூச்சு இல்லாவிட்டால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 2 முதல் 5 தடவை ஊதுங்கள். தண்ணீரில் மூழ்கியவருக்குக் குறைந்து போனது ஆக்சிஜன். அதனால் மூச்சுக்குத்தான் முதலிடம். பிறகு நடு மார்பில் இரண்டு கையையும் வைத்து, சுமார் 5 செ.மீ. ஆழம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்துங்கள். 30 அழுத்தம், 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. ஊதத் தயக்கமாக இருந்தால் அழுத்துவதையாவது விடாமல் செய்யுங்கள்.

"கண்ணு முழிச்சிட்டான், இனி பயமில்லை" என்று ரூமுக்குக் கூட்டிப் போகாதீர்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

கயாக் தெரியுமா?

ஒரே ஒருவர் உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அகலமாக இருக்கும் ஒற்றைத் துடுப்பை வலமும் இடமும் மாற்றி மாற்றிப் போட்டுப் போகிற ஒல்லிப் படகுதான் கயாக். கிரீன்லாந்து போன்ற பனிப் பிரதேசங்களில் வாழும் இனுயிட் மக்கள் கட்டையையும் எலும்பையும் சட்டமாக்கி, மேலே சீல் தோலை இழுத்துப் போர்த்தி வேட்டைக்காகச் செய்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலிருந்து அது ஒரு விளையாட்டு. இதில் போகும் திசையைப் பார்த்தே உட்காரலாம். கையைவிட இடுப்புத் திருகலுக்கும் வயிற்றுத் தசைக்கும்தான் வேலை அதிகம். தண்ணீரை ஒட்டி உட்கார்வதால் ஆட்டம் குறைவு. ஆனால் ஒல்லியானது என்பதால் கவிழ்ந்தால் வெளியே வரத் தெரிந்திருக்க வேண்டும். நம் கிழக்குக் கடற்கரைப் பக்கம் இதைக் கற்றுத் தருபவர்கள் உண்டு. முறையாகக் கற்றுக்கொண்டுதான் ஏற வேண்டும்.

ஏறும் முன் ஒரு நிமிடம்...

1. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டாச்சா? கொக்கி மாட்டியாச்சா?

2. படகில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஆள் இல்லையே? மடியில் குழந்தையும் ஓர் ஆள்தான்!

3. படகின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? இருந்தால் வேறு படகு கேளுங்கள்.

4. எழுந்து நிற்பதில்லை, இடம் மாறுவதில்லை, ஒரே பக்கம் சாய்வதில்லை, செல்ஃபிக்காக விளிம்பில் உட்கார்வதில்லை. பிள்ளைகளிடம் கரையிலேயே சொல்லியாச்சா?

5. மாத்திரை, இன்ஹேலர், மிட்டாய் கையில் இருக்கிறதா?

அந்தக் காலத்தில் நம் பாட்டிகள் தினமும் கிணற்றில் இருபது குடம் தண்ணீர் சேந்தினார்கள். காலை ஊன்றி, இடுப்பைச் சாய்த்து, தோளால் இழுக்கும் அதே வேலைதான் துடுப்பும். ராட்டினமும் கயிறும் போன பிறகு நமக்கு வந்தவைதான் இந்தக் கழுத்து வலி, தோள் வலி, தொப்பை எல்லாம். வருஷத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் படகு ஓட்டுவதால் அவை போய்விடாது. ஆனால் மறுநாள் காலையில் எந்தெந்தத் தசை வலிக்கிறதோ, அவற்றையெல்லாம் இத்தனை நாள் சும்மா வைத்திருந்தோம் என்று புரியும். ஊருக்குத் திரும்பியதும் அவற்றுக்குத் தினமும் கொஞ்சம் வேலை கொடுங்கள். அடுத்த கோடைக்கு ஏரியைப் பாதி சுற்றி வரலாம். லைஃப் ஜாக்கெட்டோடுதான்!